தேங்காய் எண்ணெயா, கடலை எண்ணெயா? இதயத்தை வைத்து ஒரு கணக்கு

தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களில் மூன்று வகை உண்டு. முதல் வகை, நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் தலைமுறைகளாக அதிலேயே தாளித்து வருகிறவர்கள். அடுத்து, வீட்டில் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்து, டாக்டர் "எண்ணெயைக் குறைங்க" என்று சொல்லிவிட்டதால் எந்த எண்ணெயை என்று தெரியாமல் நிற்பவர்கள். மூன்றாவது, இதுவரை கடலை எண்ணெயில் சமைத்துவிட்டு, யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டுக் காலைக் காபியில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் கலந்து குடிக்கத் தொடங்கியவர்கள்.

மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூவருக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு: எதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய்? நெய்க்குப் பதிலாக என்றால் ஒரு விடை, கடலை எண்ணெய்க்குப் பதிலாக என்றால் வேறு விடை. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமலே ஒரு தரப்பு அமுதம் என்கிறது, இன்னொரு தரப்பு விஷம் என்கிறது.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். இறக்கும்போது மேலே கொஞ்சம் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றாத அவியலை அவியலாகவே மதிக்காத குமரி மாவட்டம் எனக்கு. அப்படியிருந்தும், அன்றாடச் சமையலுக்கு ஒரே எண்ணெயாக எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால், தேங்காய் எண்ணெய் என்று சொல்ல மாட்டேன்.

காரணம் அதன் உள்ளடக்கம். தேங்காய் எண்ணெயில் 80 முதல் 90 சதவீதம் வரை நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் அது ஏறக்குறைய 60. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில்கூட 50-ஐத் தாண்டாது. கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் 15 அளவில், சூரியகாந்தியில் 10, 11. தவிட்டு எண்ணெய் கடலை எண்ணெயை ஒட்டி வரும். சமையலறையில் இருக்கும் எல்லாவற்றிலும் நிறைவுற்ற கொழுப்பு மிக அதிகம் தேங்காய் எண்ணெயில்தான். நிறைவுற்ற கொழுப்பு கூடினால் ரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கூடும். அது கூடி, பல ஆண்டுகள் அப்படியே நின்றால் இதயக் குழாய்களில் படியும். இதில் விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டை எதுவும் இல்லை. சண்டையெல்லாம் தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் விதிவிலக்கு உண்டா என்பதில்தான்.

விதிவிலக்கு கேட்பவர்களின் முதல் வாதம் லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்டத்தட்ட அதுதான். 'இது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, நேரே ஈரலுக்குப் போய் எரிந்துவிடும், உடம்பில் தங்காது' என்பார்கள். இதற்குச் சான்றாக அவர்கள் காட்டும் ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் கொடுக்கப்பட்டது தேங்காய் எண்ணெயே அல்ல. 8, 10 கார்பன் கொண்ட கொழுப்பை மட்டும் தனியே பிரித்தெடுத்த எண்ணெய். அந்த இரண்டும் சேர்ந்து தேங்காய் எண்ணெயில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன். பெயரளவில் நடுத்தரம் என்றாலும், அதில் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பு போகும் வழியிலேயே குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகிறது, எல்.டி.எல்.லையும் ஏற்றுகிறது. அதனுடன் கொலஸ்ட்ராலை நன்றாகவே ஏற்றக்கூடிய மிரிஸ்டிக் அமிலம் இன்னொரு 18 சதவீதம் அளவுக்கு உண்டு. அதைப் பற்றி அந்த வீடியோக்களில் மூச்சுவிட மாட்டார்கள்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் வலுவானது. தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்.லையும் கூட்டுகிறதே? உண்மைதான், கூட்டுகிறது. 2020-ல் சர்க்குலேஷன் என்ற இதயவியல் இதழில் 16 ஆய்வுகளைத் திரட்டி ஒரு கட்டுரை வந்தது. கடலை, சூரியகாந்தி, ஆலிவ், சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்குச் சராசரியாக 10 மில்லிகிராம் அளவுக்கும், எச்.டி.எல்.லை 4 மில்லிகிராம் அளவுக்கும் கூட்டியது என்பது அதன் முடிவு. கெட்டது 10 ஏறி நல்லது 4 ஏறினால் கொஞ்சமாவது கழிந்துவிடாதா என்று தோன்றும். அப்படிக் கழித்துக்கொள்ள முடியாது என்பதை மருந்துத் துறை பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. டார்செட்ராபிப் என்றொரு மாத்திரை எச்.டி.எல்.லை 70 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. சுமார் 15,000 பேரிடம் சோதித்தபோது, மாத்திரை எடுத்தவர்களில் இறந்தவர்கள் அதிகம் என்று தெரிந்து 2006-ல் சோதனையை நிறுத்தினார்கள். அதன் பிறகு நியாசின் என்ற வைட்டமினை வைத்து நடந்த பெரிய சோதனைகளிலும் எச்.டி.எல். ஏறியது, மாரடைப்பு குறையவில்லை. எச்.டி.எல். ஏறுகிறது என்பதை மட்டும் சொல்லி யாராவது எதையாவது விற்க வந்தால் நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

அதே 2020 கட்டுரையில் நம் ஊருக்குச் சுவாரசியமான ஒரு விஷயம் இருக்கிறது. பாமாயிலோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் தேங்காய் எண்ணெய்தான் எல்.டி.எல்.லை அதிகமாக ஏற்றியது. ரேஷன் பாமாயிலை 'மெஷினுக்குப் போடுற எண்ணெய்' என்று திட்டிவிட்டு, அதற்கு மாற்றாகத் தேங்காய் எண்ணெயை இதயத்துக்காகவே வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாமாயில் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பத்து மடங்குக்கு மேல் விலை கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்கலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, எதிர்த்தரப்பின் சத்தம். 2018-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் பேராசிரியர் காரின் மிஷெல்ஸ் ஓர் உரையில் தேங்காய் எண்ணெயைச் சுத்த விஷம் என்றே சொல்லிவிட்டார். வீடியோ உலகம் சுற்றியது, இந்தியத் தோட்டக்கலை ஆணையர் கண்டனக் கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க இதயச் சங்கம் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று அறிவுறுத்தியிருந்தது. அந்த அறிவுரையில் அளவு இருந்தது. விஷம் என்ற சொல்லில் அளவே இல்லை. எல்.டி.எல். 10 மில்லிகிராம் கூடினால் என்ன ஆகும்? கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து ஆய்வுகளிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் உண்டு. எல்.டி.எல். சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகின்றன. 10 மில்லிகிராம் என்பது அதில் கால் பங்கு. ஆரோக்கியமாக இருக்கும் 30 வயதுக்காரருக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் எண் அல்ல. ஏற்கெனவே எல்.டி.எல். 160-ல் நிற்கிற, சர்க்கரையும் உள்ள 50 வயதுக்காரருக்கு இது சும்மா விட்டுவிடுகிற எண்ணும் அல்ல. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்பே வந்துவிடுகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் நம்மவர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த இடைநிலை வயது 53. ஆகவே கால் பங்கும் கணக்கில் வரும்.

தேங்காய் எண்ணெய்க்குச் சாதகமான ஆய்வுகளும் இருக்கின்றன, அவற்றை ஒளிக்கக் கூடாது. முக்கியமானவை இரண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 50 வயதைத் தாண்டிய தொண்ணூற்றுச் சொச்சம் பேரிடம் நான்கு வாரத்துக்குத் தினம் 50 கிராம் வீதம் தேங்காய் எண்ணெய், வெண்ணெய், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. வெண்ணெய் எல்.டி.எல்.லை ஏற்றியது, சுத்திகரிக்காத வெர்ஜின் தேங்காய் எண்ணெய் ஏற்றவில்லை, ஆலிவ் எண்ணெய்க்குப் பக்கத்திலேயே நின்றது. ஒழுங்காகச் செய்த ஆய்வுதான். ஆனால் நான்கு வாரம், அதுவும் அவரவர் வீட்டுச் சாப்பாட்டோடு. ஒரே ஓர் ஆய்வு இப்படியும் பல ஆய்வுகளின் தொகுப்பு வேறு மாதிரியும் சொன்னால், நான் தொகுப்பின் பக்கம் போவேன்.

இன்னொன்று கொச்சியில் நடந்தது, 2016-ல் வெளிவந்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ள, நிலைமை சீராக இருக்கிற 200 பேர். பாதிப் பேருக்குச் சமையல் எண்ணெயாகத் தேங்காய் எண்ணெய், மீதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெய். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கொலஸ்ட்ராலிலும் சரி, மாரடைப்பு போன்ற நிகழ்வுகளிலும் சரி, குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. மலையாளிகள் இதை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுவார்கள், எங்கள் ஊரிலும்தான். நம் சமையலை ஒத்த சமையலில் நடந்த ஆய்வு என்பதால் எனக்கும் இது பிடித்தமானது. ஆனால் அந்த நோயாளிகள் கொலஸ்ட்ரால் மாத்திரை உட்பட முழு சிகிச்சையில் இருந்தவர்கள். மாத்திரை எல்.டி.எல்.லை அமுக்கிப் பிடித்திருக்கும்போது எண்ணெயின் சிறு விளைவு மேலே தெரியாமல் போகலாம். மாரடைப்பில் வித்தியாசம் கண்டுபிடிக்க 200 பேர் போதவும் மாட்டார்கள். இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர், அளவோடு தேங்காய் எண்ணெயில் சமைத்ததால் இரண்டு ஆண்டில் விழுந்துவிடவில்லை. அது கொஞ்சம் ஆறுதல்தான். சூரியகாந்தியைவிடத் தேங்காய் எண்ணெய் நல்லது என்பதற்கு அது சான்று ஆகாது.

அப்புறம், "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரை தேங்காய் எண்ணெயிலதான் சாப்பிட்டார்" என்கிற வாதம். இதற்கு உலக அளவிலும் ஒரு வடிவம் இருக்கிறது. பசிபிக் கடலில் டோக்கலாவ் தீவு மக்களுக்கு ஒரு காலத்தில் உணவு ஆற்றலில் 60 சதவீதத்துக்கு மேல் தேங்காயிலிருந்தே கிடைத்தது. தேங்காய் குறைவாகச் சாப்பிட்ட புக்காபுக்கா தீவினரைவிட அவர்களுக்குக் கொலஸ்ட்ரால் அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு தீவிலும் இதய நோய் அரிது. இதை 1981-ல் வெளியிட்டார்கள். அந்த மக்கள் சாப்பிட்டது தேங்காயை, நாருடன், மீனுடன், கிழங்குடன். பரோட்டாவும் பிஸ்கட்டும் கிடையாது, நாள் முழுக்க உடல் உழைப்பு. நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்த டோக்கலாவ்காரர்கள் தேங்காயைக் குறைத்தார்கள், சர்க்கரையைக் கூட்டினார்கள், எடை போட்டார்கள். அவர்களின் ரத்த அளவுகள் இன்னும் மோசமாயின. எண்ணெயைவிடப் பெரிய விஷயங்கள் தட்டில் இருக்கின்றன என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. தாத்தாவின் எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு தாத்தாவின் வயல் வேலையை விட்டுவிட்டால் கணக்கு உதைக்கும்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இதே விவாதம் தேங்காய்ப்பால் பற்றி நடக்கும். இலங்கையில் ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் தேங்காய்ப்பால் கஞ்சி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் எல்.டி.எல். ஏறவில்லை, இறங்கவே செய்தது. கஞ்சியில் போகிற பாலையும் வடைச்சட்டியில் ஊற்றுகிற எண்ணெயையும் ஒன்றாகப் பேசக் கூடாது என்பதற்கு மேல் இதிலிருந்து நான் எதையும் இழுக்க மாட்டேன்.

இனி மற்ற எண்ணெய்கள். கடலை எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி, ஆலிவ் எண்ணெயில் உள்ள அதே ஒலியிக் அமிலம். சூட்டையும் ஓரளவு தாங்கும், பொரிக்கலாம், விலையும் கட்டுப்படி. தமிழ்நாட்டுச் சமையலுக்கு ஒரே எண்ணெயைச் சொல்லுங்கள் என்றால் என் தேர்வு இதுதான். நல்லெண்ணெயில் ஒலியிக்கும் லினோலியிக்கும் ஏறக்குறையச் சம அளவு. புளிக்குழம்புக்கும் தோசைக்கும் பொடிக்கும் அதை அடிக்க வேறொன்று இல்லை. வாசம் தூக்கலாக இருப்பதால் பொரிக்க ஒத்துவராது. தவிட்டு எண்ணெய் வாசமில்லாதது, எல்.டி.எல்.லைக் கொஞ்சம் குறைக்கவும் செய்கிறது. ருசிக்காக அதை யாரும் வாங்குவதில்லை.

சூரியகாந்தியைப் பற்றித்தான் வாட்ஸ்அப்பில் அதிக பயம். 'ஒமேகா 6, உடம்பெல்லாம் வீக்கம் உண்டாக்கும்' என்று. 13 நாடுகளில் சுமார் 69,000 பேரின் ரத்தத்திலும் கொழுப்புத் திசுவிலும் ஒமேகா 6 வகையைச் சேர்ந்த லினோலியிக் அமிலத்தை அளந்து, அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த தொகுப்பு ஆய்வு 2019-ல் வந்தது. அந்த அமிலம் அதிகம் இருந்தவர்களுக்கு இதய நோய் குறைவாகவே இருந்தது. பயத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் சான்று நிற்கிறது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 1960, 70-களில் மினசோட்டாவில் நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டுச் சோள எண்ணெய் கொடுத்த பெரிய சோதனையில் கொலஸ்ட்ரால் இறங்கியது, மரணம் குறையவில்லை. அந்தத் தரவுகளை 2016-ல்தான் மறுபடி தூசி தட்டி வெளியிட்டார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பு, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தால் இதய நிகழ்வுகள் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும், மொத்த மரணத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்கிறது. நான் சாய்வது இந்த நிதானமான முடிவின் பக்கம்.

சூரியகாந்தியின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. திரும்பத் திரும்பச் சூடாக்கினால் சீக்கிரம் கெட்டுப்போகும். தேங்காய் எண்ணெய் இங்கே ஜெயிக்கும். நிறைவுற்ற கொழுப்பு சூட்டில் எளிதில் உடையாது. நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர்கள் அதை விடாததற்கு ருசியோடு இதுவும் ஒரு காரணம். ஆனால் வீட்டில் வாரம் ஒரு தடவை அப்பளம் பொரித்து, மிச்ச எண்ணெயை அடுத்த நாள் தாளிப்பில் தீர்த்துவிடுகிறவருக்கு இந்த வெற்றியால் லாபம் அதிகமில்லை.

நெய்யை எடுத்தால் கதை மாறும். நெய்க்கோ வெண்ணெய்க்கோ வனஸ்பதிக்கோ பதிலாகத் தேங்காய் எண்ணெய் என்றால் நான் மறுக்க மாட்டேன். பர்ஃபிக்கும் கேக்குக்கும் அப்படி மாற்றுகிறவர்கள் எதையும் இழக்கவில்லை.

இப்போது உங்கள் வீட்டு அளவு. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று வையுங்கள். ஆளுக்குத் தினம் 23 கிராம். முழுவதும் தேங்காய் எண்ணெய் என்றால் அதிலேயே 20 கிராம் நிறைவுற்ற கொழுப்பு போய்விடும்; பால், தயிர், முட்டை, கறி எல்லாவற்றுக்கும் மிச்சம் இரண்டே கிராம். முழுவதும் கடலை எண்ணெய் என்றால் நாலரை கிராம்தான். கடலை எண்ணெய் இரண்டரை லிட்டர், தேங்காய் எண்ணெய் அரை லிட்டர் என்று பிரித்தால் ஏழு கிராம் அளவில் நிற்கும், அவியலும் அவியலாகவே இருக்கும். தேங்காய்த் துருவலையும் மறக்க வேண்டாம். 100 கிராம் துருவலில் 30 கிராம் வரை நிறைவுற்ற கொழுப்பு உண்டு. தினமும் சட்னி, தீயல், பொரியல் என்று தேங்காய் போகிற வீட்டில் எண்ணெயும் தேங்காயிலிருந்தே வர வேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை.

எனவே முதல் வகைக்காரர்கள், அதாவது எங்கள் ஊர்க்காரர்கள், பொரிப்பதையும் வதக்குவதையும் கடலை எண்ணெய்க்கு மாற்றிவிட்டுத் தாளிப்புக்கும் மேலே ஊற்றவும் தேங்காய் எண்ணெயை வைத்துக்கொள்ளலாம். ஸ்டென்ட் வைத்தவர் வீட்டில் இன்னும் கண்டிப்பு தேவை. அங்கே எல்.டி.எல்.லை 70-க்கும் கீழே, பல சமயம் 55-க்கும் கீழே கொண்டுவர டாக்டர் போராடிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் தேங்காய் எண்ணெய் மணத்துக்கு ஒரு சில துளி போதும். காபியில் கலந்து குடிப்பவர்களிடம் சொல்ல அதிகமில்லை: நிறுத்திவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி, 11, 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. எதற்குப் பதிலாகவும் இல்லாமல், சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகப் போகிறது.

செக்கு எண்ணெய், வெர்ஜின் எண்ணெய் என்றால் மாறுமா? மணம் மாறும், பாலிஃபினால் என்ற தாவரச் சத்து கொஞ்சம் கூடும். கொழுப்பின் அமைப்பு அப்படியேதான். செக்கில் ஆட்டுவதில் ஒரு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும், அது கொப்பரையும் கடலையும் பூசணம் பிடித்ததா என்பது. சுத்திகரிக்காத எண்ணெயில் பூசணத்தின் அஃப்ளாடாக்சின் நச்சு அப்படியே வரக்கூடும். 2021-ல் இலங்கையில் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் இது சிக்கிப் பெரிய சர்ச்சையே ஆனது. காங்கேயம் பக்கத்தில் கொப்பரை நன்றாகக் காய்ந்ததா என்று உடைத்து, முகர்ந்து பார்த்து வாங்குகிறவர்கள் சும்மா செய்வதில்லை. லேபிளையும் பாருங்கள். தேங்காய் எண்ணெய் சாப்பிடுவதற்கா தலைக்கா என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தலை எண்ணெய் என்று லேபிள் போடாதவரை சிறு பாக்கெட்டிலும் அது உணவு எண்ணெய்தான் என்று 2024 டிசம்பரில்தான் முடிந்தது. சமையலுக்கு என்று அச்சிட்ட பாட்டிலையே எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 'என் உடம்புக்கு ஒன்றும் செய்யாது' என்று தோன்றினால், சோதித்துப் பார்க்க வழி உண்டு. எண்ணெய்க்கு எல்.டி.எல். எப்படி அசைகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். கொலஸ்ட்ரால் அளவுகளைக் காட்டும் லிப்பிட் புரொஃபைல் என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று எடுங்கள். எடையையும் மற்றச் சாப்பாட்டையும் மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே லேபில், அதே போல வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள். ஐந்தாறு புள்ளி ஏற்ற இறக்கம் ஆய்வகத்தில் சாதாரணம், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இருபது, முப்பது நகர்ந்தால் அது எண்ணெயின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தச் சோதனைக்காக அதை நிறுத்தக் கூடாது.